மூணாவது பெஞ்ச்

பாலில் ஒரு அசைவும் இல்லை. அடுப்பில் வைத்துப் பத்து நிமிஷம் ஆகப்போகிறது, அது பாட்டுக்கு எனக்கென்ன அவசரம் என்று வெள்ளையாய் உட்கார்ந்திருக்கிறது. பொங்கு தாயே, பொங்கு, மணி ஆறு ஐம்பது, ஏழரைக்கு ராகு காலம் வந்துவிடும். மற்ற கிழமைகளில் எல்லாம் ஆற அமர வருகிற ராகு காலம் இந்தத் திங்கட்கிழமை மட்டும் விடிந்ததும் விடியாததுமாய் வாசலில் வந்து நின்றுகொள்ளும், சரியான சனியன். மங்களேஸ்வரி குனிந்து தீயைப் பார்த்தாள். அஞ்சு கிலோ சிலிண்டரின் தலையிலேயே பொருத்தின ஒற்றை அடுப்பு. தீ நீலமாய் நிற்க வேண்டாமோ, மஞ்சளாய் நெளிகிறது, சீக்குக்காரன் மாதிரி. "சிலிண்டரை ஆட்டிப் பாத்தீங்களா, கேஸ் இருக்கா?" என்று நேற்று ராத்திரியே கேட்டாள். "கிண்ணுனு இருக்கு மங்கை" என்றான் முனியசாமி. கிண்ணென்று இருப்பது அவன் வாய் மட்டும்தான். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது நிற்கவாவது செய்கிறானா, அதுவும் இல்லை. விடியற்காலம் சிங்கப்பெருமாள்கோவில் பழைய வீட்டிலிருந்து பைக்கில் சிலிண்டரை முன்னால் வைத்துக்கொண்டு வந்து, கீழ் வீட்டு ஓனர் தாத்தாவிடம் சாவி வாங்கி, மாடிக் கதவைத் திறந்து, அடுப்பை மேடையில் ஏற்றி, அவளும் மகளும் ரயிலில் வந்து படியேறும்போது "வா வா, வலது காலை வச்சு வா" என்று கதவருகில் பல்லெல்லாம் தெரிய நின்றான், அப்போது பார்த்து போன் அடித்தது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் நல்ல நேரமாவது ஒன்றாவது. பல்லாவரத்தில் ஏதோ அபார்ட்மெண்டில் மாமியாரும் மருமகளும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். "நான் போய் வெளிய எடுக்கலைன்னா உள்ளயே ஒண்ணை ஒண்ணு தின்னுரும், நீ காய்ச்சு, ஓடி வந்துர்றேன்" என்று போனவன்தான். சரி, போகட்டும். பாவம், எந்த மருமகளோ.

கூடத்தில் நிறைமதி தூங்குகிறாள். விரிக்கப் பாய்கூட வரவில்லை, தினசரித் தாள் நாலை விரித்து, ஸ்கூல் யூனிபார்மோடு, பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். மூன்றரைக்கு எழுப்பின பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு, காலை நீட்டினால் அப்பா உயரம் வருகிறது, தூங்கும்போது மட்டும் இன்னும் மூணு வயசு. சுவரோரம் புதுக் குடத்தில் தண்ணீர், ஒரு படி உப்பு, மஞ்சள், ஒரு சாமி படம், அதற்கு முன்னால் குத்துவிளக்கு. இவ்வளவுதான் வீட்டுச் சாமான், இதற்கே வீடு நிறைந்த மாதிரி இருக்கிறது. என் வீடு என்று சொல்லிப் பார்த்தாள், மெதுவாக, பாலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வாடகை வீட்டை என் வீடு என்கிறாயே வெட்கமில்லையா என்று பால் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கம் என்ன வெட்கம். குரோம்பேட்டையில், ஸ்டேஷனுக்கு நாலு நிமிஷ நடையில், ஒரு எழும்பூர் கண்ணாடிக் கடைக்காரிக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கும் ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அடேயப்பா, ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சங்கதி. இந்தப் பக்கத்தில் ஸ்டேஷனை வைத்துத்தான் வாடகை. நாலு நிமிஷம் என்றால் ஒரு ரேட், பத்து நிமிஷம் என்றால் ஒரு ரேட், புரோக்கர் சொல்கிற பத்து நிமிஷம் ஆட்டோவில் பத்து நிமிஷம், அதுவும் சிக்னல் விழாமல். அவளும் வைகாசியிலிருந்து எத்தனை மாடிப்படி ஏறியிருப்பாள்! கட்டிலைத் தாண்டிக் குதித்தால்தான் பாத்ரூமுக்குப் போக முடியும் என்று ஒரு வீடு. "கொஞ்சம் ஒல்லியா இருந்தா சௌகரியமா இருக்கும்" என்று அந்த ஓனர் அவளை மேலும் கீழும் பார்த்தான், கட்டையில போறவன். பால்கனியை அடைத்து அதுதான் கிச்சன் என்று ஒரு வீடு, தோசை திருப்பினால் தெருவில் போகிறவன் தலையில் விழும். கவுச்சி சமைப்பீங்களா, எத்தனை பேர், ஊரிலேயிருந்து சொந்தக்காரங்க வருவாங்களா, வந்தா எத்தனை நாள், தண்ணி எத்தனை குடம் புழங்குவீங்க. கடையில் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு "கீழ் வரி தெரியுதா சார், இன்னும் கீழ?" என்று கேட்டுக் கேட்டுப் பழகினவள், பதில் சொல்லும் பக்கத்தில் நின்றபோதுதான் அதன் வலி தெரிந்தது. ஒரு இடத்தில் எல்லாம் முடிந்து டோக்கன் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள், "எங்க தம்பி துபாயிலேர்ந்து வர்றான்ம்மா." அந்தத் தம்பி இன்றைக்கும் வந்தபாடில்லை, வாசலில் டு-லெட் போர்டு ஆடிக்கொண்டிருக்கிறது, அவள் ரயிலில் போகும்போது பார்க்கிறாளே. இங்கேயும் யாராவது தம்பி இருப்பானோ. இருக்கட்டுமே, பால் பொங்கிவிட்டால் எந்தத் தம்பியும் ஒன்றும் செய்ய முடியாது. பொங்கணும். பொங்கித் தொலையேன்.

ஓரத்தில் ஒரு குமிழ் வந்ததா? இல்லை, கண் செய்கிற வேலை. எல்லாம் இவள் செய்த அவசரம்தான், யாரைக் குறை சொல்ல. ஜூன் மாசம் இங்கே நல்ல ஸ்கூலில் இடம் கிடைத்ததும், ரெண்டே வாரத்தில் வீடு பார்த்துவிடலாம் என்று டி.சி. வாங்கி வந்து சேர்த்துவிட்டாள். ரெண்டு வாரம் ஆனியைத் தாண்டி ஆடிக்குள் போய் விழுந்தது. ஆடியில் எந்த ஓனர் சாவி தருவான், எந்த மனுஷன் குடி போவான்? ஆவணி பிறக்கிற வரைக்கும் பிள்ளை எங்கே இருக்கும்? நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டால் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் மூணாவது பெஞ்ச், தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது, முறுக்கு தின்ன வேண்டியது, ஏழே காலுக்கு எழும்பூரிலிருந்து அம்மா வருகிற ரயிலில் மகளிர் பெட்டி வாசலில் அம்மா தலை தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. "ஏறு ஏறு ஏறு" என்று பெட்டியே சேர்ந்து கத்தும், யார் யாரோ கை கொடுத்து இழுப்பார்கள். ரெண்டரை மாசமாய் மகளை அவள் பார்த்ததெல்லாம் அப்படித்தான், ஓடி வருகிற ஒரு பிள்ளையாய். ஒவ்வொரு நாளும் பல்லாவரம் தாண்டினதும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிவிடுவாள். இருப்பாளா. இருக்கிறாள். மறுநாள், இருப்பாளா. ஒரு நாள் இல்லை. ஆடி மாசத்து மழை, திடீரென்று பிடித்துக்கொண்டது, ரயில் உள்ளே வருகிறது, முதல் பெஞ்ச், ரெண்டாவது பெஞ்ச், மூணாவது பெஞ்ச் காலி. தண்ணீர் சொட்டுகிற காலி பெஞ்ச். இறங்கினாளா குதித்தாளா தெரியாது, செருப்பு ஒன்று பெட்டியிலேயே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு பிளாட்பாரம் முழுக்க "மதி, மதி" என்று ஓடினது எத்தனை நிமிஷம்? நாலு நிமிஷம் இருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நாலு நிமிஷமாம்! டிக்கெட் கவுண்டர் பக்கம் கூரைக்குக் கீழே நோட்டு நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள் பிள்ளை. "பெஞ்ச் ஒழுகிச்சும்மா." பளார் என்று ஒரு அறை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு இவளே ஓவென்று அழுதாள். அறைந்த கை இப்போதும் ஒரு மாதிரி கூசுகிறது, புடவையில் துடைத்துக்கொண்டாள். இனிமேல் கிடையாது. நாலரைக்கு ஸ்கூல் விட்டால் நேராக இந்தக் கதவு, இந்தக் கூடம், தாழ்ப்பாள். பசித்தால் தோசை மாவு இருக்கும். அந்தக் காலி பெஞ்ச் இனி அவள் கனவில் வரவேண்டிய அவசியமே இல்லை, போய் வேறு யார் கனவிலாவது உட்காரட்டும்.

இந்த ஜன்னலை அன்றைக்குப் பார்த்தோமா? மூன்றாவது தடவையாக இதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது புத்தி. அடுப்புக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில், இவ்வளவு பெரிய ஜன்னல். அதன் வழியாகத்தான் வெயில் முழுசாய் உள்ளே வந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தனியாகத்தான் வந்து பார்த்தாள், முனியசாமிக்கு டியூட்டி. வந்த நேரம் கரண்ட் கட். ஓனரம்மா குணசுந்தரி, டெலிபோனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஒரு கேள்விக்குப் பதில் வருமுன் மூணு கேள்வி கேட்கிறவர், போன் வெளிச்சத்தில் மாடி ஏற்றிக் கூட்டிப் போனார். "மேல ரெண்டு போர்ஷன். முன் வீடு பெருசு, பத்தொன்பதாயிரம், அது உங்களுக்குச் சரிவராது. பின் வீடு சின்னது, பன்னண்டு. ஒரு ரூம், ஒரு கூடம், இருட்டா இருக்கு, கரண்ட் வந்தா நல்லாருக்கும்." அந்தப் போன் வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரு சுவர், ஒரு குழாய், ஒரு பல்லி. பல்லி வடக்கே பார்த்துச் சத்தம் போட்டது, உடனே சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன பார்க்க? இருட்டு என்றாரே, எங்கே இருட்டு? வயசானவர்கள் கண்ணுக்கு எல்லாம் இருட்டுதான், கடைக்கு வரச்சொல்லி ஒரு கண்ணாடி போட்டுவிட வேண்டியதுதான். அந்தக் கூடத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு வேறு சாத்திக் கிடக்கிறது. ஓனர் பழைய சாமான் போட்டு வைத்த அறையாய் இருக்கும். திறந்து பார்க்கலாமா? வேண்டாம், பால் பொங்கட்டும், கிடைத்ததைக் கிண்டிப் பார்க்கிற புத்தி ஆகாது, அப்படிக் கிண்டித்தான் நாலு வீடு கைவிட்டுப் போனது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டு முருங்கை, அதற்கு அப்பால் ஒரு மதில், அதற்கு அப்பால், அட, தண்டவாளம். தண்டவாளத்துக்கு அப்பால் பிளாட்பாரம். முதல் பெஞ்ச் மரத்தில் மறைகிறது, ரெண்டாவது பாதி தெரிகிறது, மூணாவது அப்படியே, குழாயோடு, முழுசாய். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்குமோ என்னவோ. ரெண்டரை மாசமாய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளை நிமிர்ந்து பார்த்திருந்தால் இந்த ஜன்னல் தெரிந்திருக்கும், பூட்டின ஜன்னலாய். பன்னிரண்டாயிரத்துக்கு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், பைத்தியக்கார மனுஷர்கள், வாயை மூடிக்கொள் மங்கை, யாரிடமும் சொல்லாதே.

தீ ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. ஐயையோ. அவள் கை தானாகச் சிலிண்டரைத் தொட்டது, ஜில்லென்று காலியான சிலிண்டரின் குளிர்ச்சி. மணி ஏழு பதினெட்டு. கிண்ணுனு இருக்கு, கிண்ணுனு இருக்கு, வரட்டும் வீட்டுக்கு, அவனைச் சிலிண்டர் இடத்தில் உட்கார வைக்கிறேன். தாயே மங்களேஸ்வரி, உன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள், உத்தரகோசமங்கைக்கு நடந்தே வருகிறேன், சரி, பரமக்குடியிலிருந்து நடந்து வருகிறேன், இந்த அரை லிட்டர் பால் மட்டும். சிலிண்டரை லேசாகச் சாய்த்துப் பிடித்தாள், அப்படிச் சாய்த்தால் மிச்சமிருக்கும் கேஸ் வரும் என்று யாரோ சொன்ன ஞாபகம், சாய்த்தால் பாத்திரமும் சரியும் என்று யாரும் சொல்லவில்லை, ஒரு கையால் அதைப் பிடித்தாள், சுட்டது, விடவில்லை. பொங்காமல் போனால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, இதெல்லாம் மனுஷர்கள் வைத்தது, டி.வி.யில் ஒருத்தர் அழகாகச் சொன்னார், ஆனால் அவருக்குச் சொந்த வீடு இருக்கும். ஓரத்தில் ஒரு வளையம். வளையம்தானா? ஆமாம், நுரை, சின்னச் சின்னதாய், நூல் கட்டின மாதிரி சுற்றிலும். நடுவில் ஏடு சுருங்குகிறது. மூச்சை விட்டால் அடங்கிவிடுமோ என்று மூச்சை அடக்கினாள். ஏடு கிளம்புகிறது, உப்புகிறது, தயங்குகிறது, அட வா, கூச்சப்படாதே, உன் வீடுதான், விளிம்புக்கு வந்து ஒரு நொடி நின்று, புஸ்ஸென்று ஜன்னல் பக்கமாய், கிழக்கே, வெயிலுக்குள்ளேயே வழிந்தது. மங்களேஸ்வரிக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. நாக்கு புரண்டது. குரோம்பேட்டையில் காலங்காத்தாலே, பக்கத்தில் யார் என்ன நினைப்பார்கள் என்கிற நினைப்பே இல்லாமல், ராமநாதபுரத்துக்காரி முழுத் தொண்டையில் ஒரு குலவை போட்டாள். முருங்கையிலிருந்து காக்கா ரெண்டு பறந்தது. அடுத்த கணம் அடுப்பு பொப்பென்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. கேஸ் தீர்ந்தது. தீரட்டும்!

"யாரது, என்ன சத்தம் அது?" என்று படியேறி வந்தவர் குணசுந்தரி அம்மா, கோயிலிலிருந்து நேராக, கையில் அர்ச்சனைக் கூடையோடு. வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"பால் பொங்கிருச்சும்மா! கிழக்கே பொங்கிருச்சு!"

"பொங்கினது தெரியுது. ஏம்மா, இங்க வந்து ஏன் பொங்க வச்சே? இது முன் வீடும்மா. உனக்குச் சொன்னது பின் வீடு."

அதானே. அதானே பார்த்தேன். ஜன்னல், வெயில், சாத்தின கதவு, அது ரெண்டாவது பெட்ரூம், மண்டு, மண்டு, இவ்வளவு பெரிய கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து என்ன பிரயோஜனம். காலுக்குக் கீழே தரை நழுவுகிற மாதிரி இருந்தது, அவளுடையதே இல்லாத தரை. தம்பி வந்துவிட்டான், துபாயிலிருந்து வரக்கூட வேண்டாம், இங்கேயே இருந்திருக்கிறான். முனியசாமி எந்தச் சாவியை வாங்கினான், தாத்தா எந்தச் சாவியைக் கொடுத்தார். ஓனரம்மாவுக்கும் அதே யோசனைதான், படியில் குனிந்து "ஏங்க, ஆணியில கை பட்ட சாவியை எடுத்துக் குடுத்துட்டீங்களா? எது முன் வீடு எது பின் வீடுன்னு பாக்க வேணாம்?" என்று கத்தினார், கீழே டி.வி.யில் சுப்ரபாதம்தான் பதில். "அஞ்சே நிமிஷம்மா, எல்லாத்தையும் அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிர்றேன், அங்க போய் மறுபடி காய்ச்சிக்கிறேன்" என்று மங்களேஸ்வரி புடவைத் தலைப்பைச் சுருட்டி மேடையைத் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதே!" ஓனரம்மா போட்ட அதட்டலில் அவள் கை அந்தரத்தில் நின்றது. "பொங்கின பாலை யாராச்சும் உடனே தொடைப்பாங்களா? உங்க ஊருல இப்படித்தானா? மறுபடி எதுல காய்ச்சுவே, கேஸ் இருக்கா?"

"இல்லம்மா."

"மணி என்ன?"

"ஏழு இருபத்தாறு."

குணசுந்தரி அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். குலவைக்கும் அசையாமல் தாளின் மேல் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார், ரொம்ப நேரம். அடுப்படிக்கு வந்து வழிந்த பால் எங்கே போய் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் மங்களேஸ்வரி பின் வீட்டுக்குப் போய், பல்லியோடு பழகி, சுவரைப் பார்த்துச் சமைத்து, அதுவும் போதும், அதுவே அதிகம், அதைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்றெல்லாம் சாமியிடம் பேரம் பேசி முடித்துவிட்டாள்.

"சித்திரையிலேர்ந்து பூட்டிக் கிடக்கும்மா இது" என்றார் அவர், அவளிடம் இல்லை, பாலிடம். "வந்தவன் எல்லாம் லிஃப்ட் இல்லைன்னான், கார் எங்க விடறதுன்னான். ஒருத்தன் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து வைக்கல. நீ கேக்காம கொள்ளாம வந்து பொங்கவே வச்சிட்டே. இனிமே இந்த அடுப்படியை இன்னொருத்தருக்குத் தொறந்து விட எனக்கு மனசு வருமா? சொல்லு, வருமா?"

"வராதும்மா" என்றாள் மங்களேஸ்வரி. அவளையறியாமல் வந்துவிட்டது.

"வாயைப் பாரு." சிரிப்பை அடக்கினார், அடங்கவில்லை. "பின் வீட்டு வாடகையே குடு. தை வரைக்கும். தை பொறக்கட்டும், அப்புறம் ஏதோ பாத்துப் பேசிக்கலாம். அந்த இருட்டு வீட்டுக்கு எவனாச்சும் ஒண்டிக்கட்டை வருவான். ஆனா இந்தக் காட்டுக் கத்தல் எல்லாம் தினமும் கூடாது, சொல்லிட்டேன். சர்க்கரை போட்டு ஒரு வாய் குடு."

சர்க்கரை டப்பாவைத் திறந்து டம்ளரில் போட்டுப் பாலை ஊற்றினாள், சுட்ட விரல் நுனி எரிகிறது. தை என்றால் அஞ்சு மாசம். அஞ்சு மாசத்தில் ஓவர்டைம் பார்க்கலாம், இவன் கான்ட்ராக்ட் ஏதாவது எடுக்கலாம், அட அதெல்லாம் அப்புறம். குடிக்கட்டும் முதலில். ஓனரம்மா டம்ளரை அண்ணாந்து ஒரு வாய் குடித்து, இன்னொரு வாயும் குடித்து, "பரவால்ல, தண்ணி கலக்காத பால்தான்" என்றார். குடித்துவிட்டார். இனி மாற்ற மாட்டார். மங்களேஸ்வரிக்கு அவர் காலில் விழவேண்டும் போலவும் அவர் இடுப்பில் கிள்ளவேண்டும் போலவும் சேர்ந்தாற்போல் வந்தது, ரெண்டும் செய்யாமல் மூக்கை உறிஞ்சினாள்.

ரயில் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. குலவைக்கு எழாத நிறைமதி அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தாள். கண் திறக்கவில்லை, கை மட்டும் பையைப் பிடித்துவிட்டது, "அம்மா, ட்ரெய்ன்!" என்று கதவைப் பார்த்து ஓடினாள். ஓனரம்மா பயந்து ஒதுங்கினார். மங்களேஸ்வரி பாய்ந்து போய் மகளை இழுத்துப் பிடித்தாள், பையோடு சேர்த்துப் பிடித்து அப்படியே தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினாள். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பிளாட்பாரத்தில் ரயில் நின்றது. மகளிர் பெட்டியில் யாரோ ஏறினார்கள், யாரோ கை கொடுத்தார்கள். ரயில் போனது. போன பிறகு முருங்கைக்கு அப்பால் எல்லாம் தெளிவாய்த் தெரிந்தது, தண்டவாளம், குழாய், வெயில்.

"எதுக்கும்மா சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்லடி" என்றாள் மங்களேஸ்வரி. "மூணாவது பெஞ்ச் காலியா இருக்கு."